எந்தப் பக்கத்தில் பால் பொங்கியது?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைப்பதே வாயால்தான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடி அறைக்குள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பையைக் காணோம், யாருடைய பிள்ளையைக் காணோம் என்று பொழுதுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். அங்கே எனக்கு மைக் அக்கா என்று பெயர். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லும் தைரியம் என் கணவருக்கு இதுவரை வந்ததில்லை.

அவர் லிப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிகளுக்குள் தனியாக நின்று வேலை பார்த்துப் பழகியவர், வீட்டிலும் அப்படியே. ஒரு வார்த்தை பேசுவதற்குள் நான் ஒரு பாரதம் பேசி முடித்திருப்பேன். எங்கள் வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை, அவ்வளவும் என் உபயம்.

எங்களுக்கு ஒரே மகள். ஒன்றாம் வகுப்பு. குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ரேடியோ. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அச்சு அசலாக அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். மூன்று வயதில் குளிக்கும்போது, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இரண்டாம் நடைமேடையில் சோப்பு வழுக்குகிறது" என்று அறிவித்தவள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாயைப் போலப் பிள்ளை என்று மார்தட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவளுக்கு ஒரு படப் புத்தகம் படித்துக் காட்டுவேன். தன் வீடு பிடிக்காத ஒரு நத்தையின் கதை அது. எனக்கு ஒரு புத்தகத்தைச் சும்மா படிக்கத் தெரியாது. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மழைக்கு ஒரு குரல், நத்தைக்கு ஒரு குரல் என்று ஜமாய்த்துவிடுவேன். கொஞ்ச நாளில் என்ன ஆயிற்று என்றால், மகள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே படிக்க ஆரம்பித்துவிட்டாள். விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு, சரியான இடத்தில் பக்கம் திருப்பி, என் குரலிலேயே.

ஆறு வயதில் இப்படிப் படிக்கிறாள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. மாடிப்படியில் எதிரே வந்தவர்களிடம் சொன்னேன். பேருந்து நிலையக் காவலாளியிடம் சொன்னேன். அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனாரை, அதாவது என் கணவரின் அக்காவை, வரவழைத்து உட்கார வைத்து மகளைப் படிக்கச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "எங்க வீட்டு ரத்தம், சும்மாவா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. குரல் என்னுடையது, உழைப்பு என்னுடையது, ரத்தம் மட்டும் அவர்கள் வீட்டுடையதாம்.

வருடக் கடைசியில் வகுப்பு ஆசிரியை என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

வகுப்பறையில் பிள்ளைகள் இல்லை. மகள் மட்டும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை எங்கள் வீட்டு நத்தைப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். முந்தின நாள் மகள்தான் பெருமையாக எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"நேத்து படிச்ச மாதிரியே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு கண்ணு," என்றார்.

மகள் விரலை வைத்தாள். "நத்தைக்குத் தன் வீடு பிடிக்கவில்லை. ஜன்னல் இல்லாத வீட்டில் யார் இருப்பார்கள்? நத்தை மெல்லத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. ஏங்க, பால் பொங்குது, அடுப்பை அணைங்க! வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மகள் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தாள். நடுவில் நான் என்றைக்கோ இருமிய இருமல்கூட ஒரு வரியில் வந்துபோனது.

"எந்தப் பக்கத்துல பால் பொங்குதுன்னு நானும் தேடிப் பார்த்துட்டேன்," என்றார் ஆசிரியை. கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம், கவலையாகத்தான் சொன்னார். "இவளுக்குப் படிக்க வரலை. ஒரு வார்த்தைகூட வரலை. வகுப்புல வேற யாராவது முதல்ல படிச்சா போதும், கேட்டு அப்படியே ஒப்பிச்சிடுவா. அதனால எனக்கே இவ்வளவு நாள் தெரியலை. தப்பு என் மேலயும் இருக்கு."

நான் விட்டுக்கொடுப்பேனா? "எழுத்தெல்லாம் தெரியுமே அவளுக்கு!" என்றேன். ஆசிரியை பலகையில் 'ம' என்று எழுதி என்னவென்று கேட்டார். மகள் கண்ணை மூடிக்கொண்டு, க, ங, ச என்று வாய்க்குள் பாடிக்கொண்டே போய், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசி எழுத்துவரை போய்ச் சேர்ந்தாள்.

"விடுமுறை முடிஞ்சு பள்ளி திறக்குற அன்னைக்கு வாங்க," என்றார் ஆசிரியை. "இவ பார்க்காத ஒரு பக்கத்தைக் குடுப்பேன். படிச்சுட்டா இரண்டாம் வகுப்பு. இல்லைன்னா இன்னொரு வருஷம் என்கிட்டயே இருக்கட்டும். அங்கே போய்க் கஷ்டப்படுறதுக்கு இது எவ்வளவோ மேல்."

வீட்டுக்குப் போகிற வழியில் மகள் ஒன்றும் பேசவில்லை. ரேடியோ பேசாமல் வருவது எனக்கு என்னவோ போல் இருந்தது. தெருமுனை வந்ததும் கேட்டாள். "அம்மா, ரெட்டைச்சடை மேல போயிடுவாளா?"

ரெட்டைச்சடை அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி. பென்சிலிலிருந்து சண்டைவரை எல்லாம் அவளோடுதான்.

"போயிடுவா."

"அப்ப நான் மட்டும் இங்கேயேவா? சின்னப் பசங்களோடயா?" கொஞ்சம் பொறுத்து, "நேத்து எல்லாரும் என்னைப் பால் பொங்குது, பால் பொங்குதுன்னு கூப்பிட்டாங்கம்மா," என்றாள்.

ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது நான். அசிங்கப்பட்டது பிள்ளை. படிக்க வைத்தே தீருவேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை விரித்து, ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்ன?" என்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். "படம்" என்பாள். சரியாக இருக்கும். இன்னொரு வார்த்தை. மறுபடி முகத்தைப் பார்ப்பாள். "மரம்." அதுவும் சரி. அடேயப்பா, இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஒரே குஷி. அன்று சாயங்காலமே கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் நடத்திக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ புத்தகத்தைப் பார்க்கல," என்றார். "உன் வாயைப் பார்க்குறா."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மைக்கின் பொத்தானை அழுத்துவதற்கு முன், சொல்லப்போவதைச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து ஒரு முறை சொல்லிப் பார்ப்போம். நாக்கு இடறுகிற இடம் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் எனக்கு எலும்பு வரைக்கும் ஊறிப்போய்விட்டது. புத்தகத்தில் எந்த வார்த்தையைத் தொட்டாலும் எனக்குத் தெரியாமலே உதடு அதைச் சொல்லிவிடும். என் மகள் அதைப் பார்த்துப் பிடித்துவிடுவாள். எமகாதகி!

வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டேன். புருவத்தைப் பார்த்துப் பாதி சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது ஒன்றுமே வரவில்லை. வாய்க்கு வந்த வார்த்தையெல்லாம் சொன்னாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம். "பா! பா! துணைக்கால் போட்டா பா! எத்தனை வாட்டி சொல்றது!" என்று கத்துவேன். "பா, பா, துணைக்கால் போட்டா பா, எத்தனை வாட்டி சொல்றது," என்று அவளும் அப்படியே திருப்பிச் சொல்வாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கு நான் சொல்வதெல்லாம் பாடம். அது எனக்குத் தெரிந்தும் கோபம் வரும், இன்னும் கத்துவேன்.

பகலெல்லாம் மைக்கில் பேச்சு, சாயங்காலமெல்லாம் வீட்டில் கத்தல். தொண்டை எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் பொத்தானை அழுத்தி, "மூன்றாம் நடைமேடையிலிருந்து," என்று தொடங்கினேன். அதற்கப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாம் நடைமேடையிலிருந்து என்ன என்று தெரியாமல் ஜனங்கள் அண்ணாந்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "குரல்வளை வீங்கியிருக்கு. ஒரு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னு பேசுறது அதைவிடக் கெடுதல். ஒரு சத்தம் வரக் கூடாது."

கூட வந்திருந்த என் கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். நிலையத்திலிருந்து ஒரு பக்கம் அச்சான பழைய கால அட்டவணைத் தாள்களைக் கட்டாக எடுத்து வந்து, துண்டு துண்டாக வெட்டி, பென்சிலோடு இடுப்பில் செருகிக்கொண்டேன். கணவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி நீட்டுவேன். அவர் படித்துவிட்டுத் தலையாட்டுவார். அவர் வாழ்க்கையிலேயே ஆனந்தமான வாரம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாட்டிக்கொண்டது மகள்தான். அப்பா பேச மாட்டார், அம்மா பேசக் கூடாது. ரேடியோவுக்கு ஸ்டேஷன் கிடைக்கவில்லை. வீட்டில் நடப்பதெல்லாம் அந்தத் துண்டுத் தாள்களில் நடந்தது. அது அவளுக்கு எட்டவில்லை.

முதல் நாளே அவளுக்கும் ஒரு தாள் எழுதி நீட்டினேன். 'கதவு' என்று. காற்றில் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, சாத்தச் சொல்லலாம் என்றுதான். அவள் தாளைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அவள் யோசித்துவிட்டு உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். வாளியைத் தூக்கி வந்தாள். மறுபடி தலையை ஆட்டினேன். கடைசியில் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, "வாயால சொல்லும்மா! வாயாலயே சொல்லு!" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள்.

டாக்டராவது மண்ணாங்கட்டியாவது, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று எனக்குத் துடித்தது. வாயைத் திறந்தேன். காற்று. நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்குக்கூடச் சத்தம் வரவில்லை. அதைப் பார்த்து அவள் தன் அழுகையை நிறுத்திவிட்டு என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பிறகு எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அதில் கொட்டை எழுத்தில் 'பால்' என்று அச்சிட்டிருக்கும். ஒரு தாளில் 'பால்' என்று எழுதி, பாக்கெட்டின் பக்கத்தில் வைத்தேன். அது பால் என்று அவளுக்குத் தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. தாளையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அடுத்த தாளில் 'பாய்' என்று எழுதி வைத்தேன்.

அவள் பாக்கெட்டில் இருந்த 'பா'வின் மேல் ஒரு விரலை வைத்தாள். தாளில் இருந்த 'பா'வின் மேல் இன்னொரு விரல். "பா," என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "பா... பா..." அடுத்த எழுத்து இடித்தது. நான் 'நாய்' என்று எழுதி, பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு நாயை வரைந்தேன். அதைப் பார்த்தாள். ஆடுபோல்தான் இருந்தது, ஆனாலும் வாலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "நாய்." கடைசி எழுத்தைத் தொட்டாள். பழைய தாளுக்குப் போனாள். "பா... ய். பாய். பாய்!"

ஓடிப்போய்ச் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். அந்தப் பாயில் அவளைத் தூக்கி உட்கார வைத்து நான் கொடுத்த முத்தங்களில் அவள் கன்னம் சிவந்துபோயிற்று. பிள்ளையின் மானத்தை வாங்கிய பால்தான் அவளுக்கு முதல் எழுத்தையும் கொடுத்தது.

அன்றிலிருந்து வீடு போர்க்களம். தட்டு, சீப்பு, செருப்பு, தலையணை என்று நான் எழுதி நீட்ட நீட்ட, அவள் கண்டுபிடித்துக் கொண்டுவந்து குவிப்பாள். தெரியாத எழுத்து வந்தால் பழைய தாள்களைக் கிளறி, அது வேறெங்கே இருக்கிறது என்று தேடுவாள். தப்பாக எடுத்து வந்தால் நான் கத்த முடியாது. தலையை மட்டும் ஆட்டுவேன். என் கத்தல் இல்லாதபோது அவள் யோசிப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். நான் அதுவரை அந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்ததே இல்லை.

வாரக் கடைசியில் நாத்தனார் என் உடம்பை விசாரிக்க வந்தார். நான் பேச முடியாது என்று தெரிந்ததும் அவருக்கு ஏகப்பட்ட உற்சாகம். இத்தனை வருடமாக என்னிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்தார். என் சமையல், என் கோபம், என் செலவு, நான் புடவை கட்டுகிற லட்சணம். நான் சுவரைப் போல உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்தது. அவர் நகருகிற வழியாக இல்லை. பொறுக்க முடியாமல் ஒரு தாளில் எழுதி மேசைக்கு அடியில் கணவரிடம் தள்ளினேன். அவர் படித்துவிட்டு, புரையேறி, தாளை மடிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டார். அந்த மனிதருக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம்.

மகள் அதை எடுத்தாள். தனக்கு வந்த தாள் என்று நினைத்துக்கொண்டாள்போல. விரலை வைத்தாள்.

"உங்... கள்... அக்... கா..."

நான் எட்டிப் பிடுங்கப் போனேன். அவள் நாற்காலியைச் சுற்றி ஓடிப்போய் நின்றுகொண்டு தொடர்ந்தாள்.

"எப்... போ... து... எப்போது... புற... புறப்... படு... வார்?"

எழுதும்போதும் எனக்கு அறிவிப்பு நடைதான் வரும், என்ன செய்வது? மகள் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, இம்முறை தங்குதடையில்லாமல், நிலையத்து ஒலிபெருக்கி தோற்கிற மாதிரி முழங்கினாள். "உங்கள் அக்கா எப்போது புறப்படுவார்?"

நாத்தனார் முகம் கறுத்தது. என் கணவர் கூரையைப் பார்த்தார். எனக்கோ ஒரு பக்கம் பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது, இன்னொரு பக்கம் எழுந்து நின்று குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு முழு வரி. யாரும் சொல்லிக்கொடுக்காத வரி. யார் வாயிலிருந்தும் அவள் கேட்டிராத வரி!

நாத்தனார் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இதை நீயா படிச்சே?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"உங்கம்மா முன்னாடியே சொல்லிக்குடுத்தாளா?"

"அம்மாவாலதான் பேச முடியாதே அத்தை."

நாத்தனார் கையை நீட்டி என் பென்சிலை வாங்கினார். தாளின் கீழே ஏதோ எழுதி மகளிடம் நீட்டினார். மகள் எழுத்துக் கூட்டி, திணறி, பின்னால் போய், முன்னால் வந்து படித்து முடித்தாள். "நான்... இன்று... இங்கேதான்... தூங்கப் போகிறேன்."

"கேட்டுக்கோ," என்றார் நாத்தனார் என்னிடம். அப்புறம் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், நானும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். சொன்னபடியே அன்று எங்கள் வீட்டிலேயே தூங்கினார். குறட்டையும் விட்டார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் மறுபடி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனி பேசலாம்," என்றார். பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. வெளியே வந்ததும் கணவருக்கு எழுதிக் காட்டினேன். 'பள்ளி திறக்கும்வரை வீட்டில் பேச மாட்டேன். வேலையில் மட்டும்தான்.'

"நிஜமாவா?" என்றார். குரலில் இருந்த ஆசையை மறைக்க அவரால் முடியவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னால முடியுமா? அதுவும் உன்னால?" என்று கேட்டார்.

எனக்கே தெரியவில்லை. கண்ணாடி அறையில் கொட்டித் தீர்த்துவிட்டு, வீட்டு வாசலில் வாயைப் பூட்டிக்கொண்டு நுழைவேன். பால் கணக்கு, பக்கத்து வீட்டுச் சண்டை, நிலையத்தில் நடந்த கூத்து எல்லாம் தொண்டைவரை வந்து நிற்கும். எல்லாவற்றையும் எழுதினேன். மகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் படித்தாக வேண்டும். அவளுக்கோ எல்லாமே தெரிய வேண்டும். அந்த விஷயத்தில் சந்தேகமில்லாமல் என் ரத்தம்தான்.

பள்ளி திறந்தது. காலையிலேயே போய் நின்றோம். மகள் என் விரலை நசுக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் ரெட்டைச்சடை கையசைத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள். இரண்டாம் வகுப்பு மாடியில்.

ஆசிரியை ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தை விரித்து வைத்தார். எனக்கு உதடு அப்போதே குறுகுறுத்தது. நான் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஆசிரியை என்னை ஒரு மாதிரி பார்த்திருப்பார். பார்க்கட்டும்.

மகள் படிக்க ஆரம்பித்தாள். "ஒரு... ஊரில்... ஒரு... தை... தையல்காரர்..." ஏற்றமில்லை, இறக்கமில்லை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாள். ஒரு வார்த்தையின் வாலை அடுத்த வார்த்தையோடு ஒட்டினாள். மைக்கில் இப்படிப் படித்தால் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் காதுக்கு அன்றுவரை அதைவிட இனிமையாக எதுவும் கேட்டதில்லை. ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். அமைதி. சுவரைப் பார்த்த என் வாய் தானாக அசைந்தது. சுவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவள் பின்னால் போய், எழுத்தெழுத்தாக மறுபடி ஏறி வந்து, அந்த வார்த்தையைப் பிடித்துவிட்டாள்.

பக்கம் முடிந்தது. "இந்தப் புத்தகம் கடையில கிடைக்குது," என்றார் ஆசிரியை மெதுவாக. "தப்பா நினைக்காதீங்க. போன தடவை ஏமாந்துட்டேன்." சாக்பீஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. பலகையில் கிறீச்சிட்டது. "இதைப் படி கண்ணு. இப்பதான் எழுதினேன், எங்கேயும் கிடைக்காது."

"இந்த... வகுப்பில்... உன... உனக்கு... இனி... இடம்..." மகள் நிறுத்தினாள். "இல்... லை."

மறுகணம் வெடித்தாள். "ஏன் மிஸ் இல்ல? நான்தான் முழுசாப் படிச்சேனே! ஏன் இடம் இல்ல? என்னை வீட்டுக்கே அனுப்பிடுவீங்களா?" குரல் உடைந்து அழுகையாகிவிட்டது.

நான் சுவரை விட்டுத் திரும்பினேன். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. அந்த ஆசிரியையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற வேகத்தில் இரண்டு எட்டு வைத்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் அடுத்த வரியை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துத் திரும்பியபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"இன்னும் முடியலை. அழுகையை நிறுத்திட்டு இதையும் படி."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். "மாடி... யில்... இரண்டாம்... வகுப்பில்... இடம்... இருக்கிறது." அவள் குரல் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் தனியாக ஒரு சின்ன வார்த்தை இருந்தது.

"ஓடு!"

படித்தாள், ஓடினாள். பையை எடுக்கவில்லை, செருப்பை மாட்டவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தமும், "ரெட்டைச்சடை! ரெட்டைச்சடை!" என்ற கூச்சலும் கேட்டன.

"யாரும் வாயைத் திறக்கலை, அவளே படிச்சுப் புரிஞ்சு அழுதா பாருங்க," என்றார் ஆசிரியை. "அது போதும் எனக்கு." நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நன்றி சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்தத் தெரியாமல், அடுத்த மணி அடிக்கிறவரை பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் எனக்கு வேலை. கணவர் மகளைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டி வந்தார். என் கண்ணாடி அறைக்குள் வெளிச் சத்தம் ஒரு பொட்டுகூட வராது. நான் மைக்கில் பேசிக்கொண்டே பார்த்தேன். நடைமேடையில் அவள் ஒவ்வொரு பேருந்தாக நின்று, அதன் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயர்ப் பலகையைக் காட்டி, அப்பாவுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். வாய் மட்டும் அசைவது தெரிந்தது. அந்தப் பலகைகளை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்று அவள் உதட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

கடைசியில் என் அறைக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியில் எனக்காகவே ஒட்டி வைத்த மாதிரி ஒரு அறிவிப்பு உண்டு. அவள் குதிகாலை உயர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் கண்கள் விரிந்தன. விரலை அந்த எழுத்துகளில் தட்டி, அப்புறம் என்னை நோக்கி நீட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். 'தேவையின்றிப் பேசாதீர்!'

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மைக் திறந்திருந்தது. எல்லா நடைமேடைகளிலும் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.